மேற்கே உதித்த நிலாவும் நான் எழுதிய பதிலும்

அறிவியல் புனைகதை எழுத வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடைய ‘தொண்ணூறாவது சாரல்’ நாவலின் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒலிப்புத்தகமும் அதே மாதத்தில் வெளியாகியிருக்கின்றன. அச்சுப் புத்தகம் வாங்குகிறவர்கள் எழுபத்தெட்டாம் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வாக்கியம் புதிது. அந்த ஒரு வாக்கியம் வந்துசேரப் பதினோரு வருடம் ஆனது. அதையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை.

நான் எழுதுவதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. நிறுத்தியதை யாரும் கவனிக்காததால் நானே அங்கங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘அனுபவசாலி என்ற முறையில் எங்களுக்கு நாலு வார்த்தை’ என்று உங்கள் குழுவில் கேட்டிருந்தீர்கள். கருந்துளை பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் என்னைவிட உங்களுக்கு நிறையத் தெரியும். உங்களிடம் இல்லாத சரக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு தவற்றைச் செய்து, அதை மறைத்து, மறைத்ததற்காகப் பாராட்டும் வாங்கிய அனுபவம். அதைத் தருகிறேன்.

எனக்கு ஊர் தென்காசி. வேலை பார்த்தது சிவகிரியில், அரசு அலுவலகத்தில் எழுத்தராக. தினமும் அதிகாலை பஸ். இடதுபக்க ஜன்னலோர இருக்கை என்னுடையது என்று நடத்துனர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வழிநெடுக மலை கூடவே வரும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடிகிற நேரத்தில் நிலா பெரிதாக அந்த மலைமேல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாவலின் எழுபத்தெட்டாம் பக்கம் என் மனதில் உருவானது.

நாவலைப் படிக்காதவர்களுக்காக (அதாவது உங்களில் பெரும்பாலோருக்காக) கதையைச் சொல்கிறேன். எதிர்காலத்தில் குற்றாலத்தில் தொண்ணூறு வருடமாகத் தண்ணீர் இல்லை. மேகத்தைத் திருப்பிவிடும் ஒரு எந்திரத்தைப் பழுதுபார்க்க ஒரு பெண் பொறியாளர் வருகிறாள். கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு சாரல் மழை வருகிறது. அதற்கு முதல்நாள் சாயங்காலம், தென்காசிக்கு வெளியே வயலில் நின்று அவள் மலையைப் பார்க்கிறாள். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மலைக்குப் பின்னாலிருந்து பூரண நிலா எழுகிறது. அவள் அழுகிறாள். எழுதும்போது நானும் அழுதேன்.

இப்போது நிதானமாக யோசித்துப் பாருங்கள். தென்காசிக்கு மலை மேற்கே இருக்கிறது. சூரியன் மறைவது அங்கேதான். மறைந்த கையோடு அதே இடத்தில் நிலாவை உதிக்க வைத்திருந்தேன். நான் பஸ்ஸில் பார்த்தது விடியற்காலையில் அஸ்தமிக்கிற நிலா. அதை அப்படியே தூக்கிச் சாயங்காலத்தில் போட்டு, இறங்கிக்கொண்டிருந்ததை ஏற வைத்துவிட்டேன். ஐம்பது வருடம் அந்த மலையின் கீழே குடியிருந்தவன், புத்தகத்தின் முதுகில் ‘அறிவியல் நாவல்’ என்று அச்சிட்டுக்கொண்டவன் செய்த காரியம் இது.

பதிப்பாளர் கவனிக்கவில்லை. மெய்ப்புப் பார்த்தவர் கவனிக்கவில்லை. மதிப்புரை எழுதிய இரண்டு பேரும் அந்தக் காட்சியைத்தான் குறிப்பாகப் பாராட்டியிருந்தார்கள். கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். வாசுதேவநல்லூரில் நெல் விவசாயத்தை விட்டு எலுமிச்சைக்கு மாறியிருந்த ஒரு அண்ணாச்சி. நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு அஞ்சலட்டை எழுதியிருந்தார். ‘ஐயா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ம பக்கம் நிலா எப்போது மேற்கே உதித்தது? விளக்கவும்.’

நான் செய்திருக்க வேண்டியது, ‘தவறுதான், நன்றி’ என்று இரண்டு சொல் எழுதுவது. அஞ்சலட்டையிலேயே இடம் மிஞ்சியிருக்கும். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அவருடைய கூர்மையான பார்வையைப் பாராட்டினேன். நாவலின் ரகசியச் சாவியே அதுதான் என்றேன். அந்த எதிர்காலத்தில் பூமி எதிர்த்திசையில் சுழலத் தொடங்கிவிட்டது, அதை நேரடியாகச் சொல்லாமல் ஒரே ஒரு நிலாவில் ஒளித்துவைத்தேன், இத்தனை வாசகர்களில் அந்தப் பூட்டைத் தொட்டவர் நீங்கள் ஒருவரே என்று முடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

வாசகர் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டினால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். அன்றைக்கு நம் மூளை மிக வேகமாக ஓடும். நாவலுக்குக் கிடைக்காத கற்பனையெல்லாம் பதிலுக்குக் கிடைக்கும்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அண்ணாச்சி அந்தக் கடிதத்தைத் தென்காசியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். கூட்டத்தில் சுரண்டையிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி இருந்தார். எம்.ஃபில். பண்ணிக்கொண்டிருந்தவர், ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். என் நாவலை வைத்து ‘எதிர்ச்சுழற்சியும் தலைகீழான காலமும்’ என்று தலைப்பு எடுத்துக்கொண்டுவிட்டார். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்.

“சார், நான் சரியாத்தானே புரிஞ்சிருக்கேன்? தப்பா இருந்தா இப்பமே சொல்லிருங்க.”

இரண்டாவது வாய்ப்பு. வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய்ப்பு. நான் சொன்னேன்: “அம்மா, என்னைச் சரியாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் விரிவுரையாளர் ஆனார். கட்டுரைகள் எழுதினார். இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் ‘மேற்கே நிலா உதிக்கும் உலகம்’ என்று போட்டார்கள். அட்டைப் படத்தில் மலைக்குமேல் ஒரு தாம்பாளம் அளவுக்கு நிலா. கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்தும்போது, “சொல்லாமல் சொல்வதில் வல்லவர்” என்பார்கள். நான் தலையைச் சற்றுக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள். போகப் போக நானே நம்பத் தொடங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பேட்டியில், அந்த நிலாவுக்காக எட்டு மாதம் யோசித்ததாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு மொழிபெயர்ப்பு வந்தது.

மொழிபெயர்ப்பாளர் செங்கோட்டைக்காரர், பெங்களூரில் இருக்கிறார். மிகுந்த மரியாதையுள்ள இளைஞர். மரியாதையுள்ளவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒருநாள் மதியம் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், ஒரு சின்னச் சந்தேகம். பூமி எதிர்ப்பக்கம் சுத்துதுன்னா சூரியனும் மேற்கதானே உதிக்கணும்? நாப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல கிழக்க வெளுக்குதுன்னு வருதே?”

“அப்படியா?” என்றேன்.

“மொத்தம் இருபத்திமூணு எடத்துல வருது சார். நான் குறிச்சு வச்சிருக்கேன். மூணு பதிப்பும் ஒண்ணா வாரதால எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு பதிப்பாளர் சொல்லுதாரு. என்ன செய்யட்டும்?”

“பார்த்துச் சொல்லுதேன் தம்பி” என்று வைத்துவிட்டேன். மூன்றாவது வாய்ப்பும் இப்படிப் போயிற்று.

அன்றைக்கே உட்கார்ந்து சூரியனைத் திருத்தத் தொடங்கினேன். ஒரு பொய்யான நிலாவுக்காக ஒரு நிஜமான சூரியனை மாற்ற வேண்டியிருந்தது. இருபத்திமூன்று இடத்திலும் கிழக்கை அடித்து மேற்கு என்று போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தால் தென்காசியில் விடிவதற்கு வெகுநேரம் ஆகும் என்று. அதிகாலை பஸ், பால்காரர், பள்ளிக்கூட மணி எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். ஒரு வாரம் இதிலேயே போனது. மனைவி கேட்டாள், “என்ன, இவ்வளவு மும்முரமா எழுதுதீங்க? புதுக் கதையா?” “பழைய கதைதான்” என்றேன். அது உண்மை.

இரண்டாவது வாரம், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் போய், பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன். பூமி எதிர்ப்பக்கம் சுற்றினால் வேறென்ன மாறும்?

“காத்தே மாறிப்போகும்” என்றார். “தென்மேற்குப் பருவக்காத்து இப்ப வாரமாதிரி வராது. சாரலை மறந்துர வேண்டியதுதான்.”

வீட்டுக்கு வந்து நாவலை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தலைப்பே சாரல். சாரல் வருவதுதான் கதை. என் ஒரு கடிதத்தைக் காப்பாற்றப்போய்க் குற்றாலத்தையே நிரந்தரமாக வற்ற வைத்திருந்தேன்.

பதிப்பாளரைக் கூப்பிட்டு, நிலா வெறும் தவறு, திருத்தப்போகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார்.

“சார், அந்த நிலாதான் சார் நம்ம புத்தகமே. முன்னுரை முழுக்க அதான் இருக்கு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. யாருக்குத் தெரியப்போகுது? மொழிபெயர்க்கிறவர்கிட்ட ஏதாவது குறியீடுன்னு சொல்லிருங்க.”

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. ‘குறியீடு’ என்ற சொல்லின் கீழே எழுத்தாளர்கள் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். ஆனால் முன்னுரை எழுதியது அந்தச் சுரண்டை விரிவுரையாளர். அவர் பெயரோடு அது இன்னொரு மொழிக்கும் போகப்போகிறது. அங்கே யாராவது ஒருவர் பருவக்காற்றைப் பற்றிக் கேட்டால் தலைகுனிவது அவர்தான். பத்து நாள் அவகாசம் கேட்டேன். பதிப்பாளர் கொடுத்தார். சந்தோஷமாகக் கொடுக்கவில்லை.

சுரண்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரியில் அவரைச் சந்தித்தேன். கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்தார். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டே தேநீர் குடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆங்கிலப் பதிப்பைப் பற்றி ஆசையாகப் பேசத் தொடங்கிவிட்டார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் என் தைரியம் போய்விடும் என்று தெரிந்ததால் குறுக்கே சொன்னேன்.

அவர் கோப்பையை வைத்தார்.

“தப்பா?”

“ஆமாம்மா. வெறும் தப்பு.”

“நூத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன் சார்.”

“தெரியும்மா.”

“உங்ககிட்ட கேட்டேனே சார். தப்பா இருந்தா சொல்லிருங்கன்னு கேட்டேன்லா? ராத்திரியும் பகலுமா அதைப் படிச்சிட்டு, பயந்து பயந்து உங்களைக் கூப்பிட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?”

நான் என்ன சொன்னேன் என்று இருவருக்கும் ஞாபகம் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு முதல்நாளே தயார்செய்திருந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்வதில் அன்றைக்கு இருந்த வெட்கம் வேறெப்போதும் இருந்ததில்லை.

அவர்தான் கேட்டார். “வாசுதேவநல்லூர் அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“மொதல்ல அங்க போங்க சார். என்னையாவது நீங்க ஒருதடவைதான் ஏமாத்துனீங்க. அவரு சரியாச் சொன்னதைத் தப்புன்னு ஆக்கிட்டீங்க. அவருகிட்ட சொல்லிட்டு எங்கிட்ட வாங்க. முன்னுரையைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை வாசுதேவநல்லூர் போனேன். பழக்கதோஷத்தில் இடதுபக்க ஜன்னலில்தான் உட்கார்ந்தேன். மலையைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி வீட்டை ஒட்டிய தோட்டத்தில் கொட்டகை நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். “வாங்க சார், வாங்க! சொல்லாமக்கொள்ளாம வந்து நிக்கீங்களே!” என்று ஒரு நார்க்கட்டிலை இழுத்துப் போட்டார். உள்ளே போய், கையில் ஏதோ எடுத்து வந்தார். என்னுடைய கடிதம். லேமினேட் பண்ணி வைத்திருந்தார். கையெழுத்தின் அடியில் நான் இழுத்த கோடு பளபளத்தது.

“பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் காட்டியிருக்கேன். தாத்தா ஒரு பூட்டைத் தொறந்தாருன்னு சொல்லுதுக.”

தம்பி, தங்கைகளே, உங்கள் கதைகளில் விண்கலங்கள் வெடிக்கும் காட்சிகளை எழுதுகிறீர்கள். நெருக்கடி என்றால் எனக்கு அந்த நார்க்கட்டில்தான். லேமினேட் செய்த காகிதத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு சொன்னேன்.

அவர் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தார். சரியான கூடையில் போட்டார்.

“அப்ப நான் கேட்டது சரி?”

“சரி அண்ணாச்சி.”

“அன்னைக்கே சரி?”

“அன்னைக்கே சரி.”

“பதினோரு வருசமா நான் சரியாவே இருந்திருக்கேன். அது எனக்கே தெரியாமப் போச்சு.” குரல் உயரவில்லை. ஆனால் மரியாதை மாறியிருந்தது. “என்னவே, நீரு? எத்தனை பேருகிட்ட சண்டை போட்டிருப்பேன் உமக்காக! எங்க மச்சினன் சொன்னான், ‘ஏலே, அது எழுதினவன் தப்புலே’ன்னு. உனக்கு இலக்கியம் தெரியாதுன்னு அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன். மூணு வருசம் பேச்சுவார்த்தை இல்ல.”

நான் குனிந்து, காலடியில் கிடந்த பழங்களை எடுத்துக் கூடையில் போடத் தொடங்கினேன். “அது இங்கன இல்ல, அங்கன” என்றார். மறுபடி போட்டேன். “அதுவும் இல்ல.” அரைமணி நேரம் இப்படிப் போனது. பழம் பிரிக்கவும் எனக்கு வரவில்லை.

பிறகு அவரே கேட்டார். “பொஸ்தகம் கொண்டாந்திருக்கீரா?”

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுபத்தெட்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். நன்றாகப் படித்தார். படித்துவிட்டு, “இதை எப்படித் திருத்தப்போறீரு?” என்றார்.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். காட்சியை விடியற்காலைக்கு மாற்றலாம். ஆனால் அவள் அங்கே வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். முந்தைய அத்தியாயத்தையும் மாற்ற வேண்டும். அல்லது நிலாவையே எடுத்துவிடலாம். ஆனால் அவள் அழுவதற்குக் காரணம் இல்லாமல் போகும். மூன்று வழி சொன்னேன். மூன்றிலும் குறைந்தது முப்பது பக்கம் திருத்த வேண்டியிருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அவ எங்கன நிக்கா?”

“வயல்ல.”

“எதைப் பாத்து நிக்கா?”

“மலையை.”

“நிலா எங்கன வரணும்?”

“கிழக்க. அவளுக்குப் பின்னால.”

“அப்ப அவளைத் திரும்பச் சொல்லும்வே.”

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் பழம் பிரிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். நாவலை எழுதியவனுக்கு, இரண்டு பதிப்பு போட்டவர்களுக்கு, எல்லோருக்கும் அவள் மலையைப் பார்த்தபடி ஆணி அடித்தது போல நின்றிருந்தாள். மனுஷிக்குக் கழுத்து இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: ‘அவள் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்; சுரண்டைப் பக்கத்துச் சமவெளியின்மேல் நிலா வந்திருந்தது.’ எழுதிய பிறகுதான் இன்னொன்று புரிந்தது. பழைய காட்சியில் நிலா பின்னால் இருந்ததால் மலை வெறும் கறுப்பாகத்தான் நின்றிருக்கும். இப்போது வெளிச்சம் மலையின் முகத்தில் விழுகிறது. அவள் மறுபடி மலைப்பக்கம் திரும்பும்போது, வறண்டு கிடக்கிற அருவித் தடம் முழுசாகத் தெரிகிறது. அவள் அழுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

கிளம்பும்போது அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். அவருக்கு அது புரிந்துவிட்டது.

“இதைத் தரமாட்டேன். இங்கனயே கெடக்கட்டும். புதுசா ஒண்ணு எழுதிக்கொடும்.”

எழுதினேன். ‘நிலாவை பற்றி நீங்கள் கேட்டது சரி. நான் எழுதியது தவறு. தவறு என்று தெரிந்தே உங்களுக்கு வேறு பதில் எழுதினேன்.’ கையெழுத்துப் போட்டேன். கோடு இழுக்கவில்லை. அவர் இரண்டு தடவை படித்தார்.

“‘நிலாவைப் பற்றி’. ஒரு ‘ப்’ விட்டுப்போச்சு” என்றார்.

போட்டுக்கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “மச்சினன் வீடு பக்கத்துத் தெருதான்” என்றார். என்னைக் கூப்பிடவில்லை. தனியாகத்தான் போனார்.

மீதி எல்லாம் அலுவலக வேலை. இருபத்திமூன்று இடத்திலும் சூரியனைப் பழையபடி கிழக்கே விட்டேன். ஓவியர் அட்டையிலிருந்து நிலாவை அழித்தார். மலை மட்டும் வெளிச்சமாக நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர், “நல்லவேளை சார், நான் சூரியனுக்கு அடிக்குறிப்பு எழுதலாம்னு இருந்தேன்” என்றார். பதிப்பாளர் பின்னட்டை வாசகத்தை எடுத்தார், பெருமூச்சோடு. விரிவுரையாளர் ஐந்து நாள் போனை எடுக்கவில்லை. ஆறாம் நாள் புதிய முன்னுரையை அனுப்பினார். அதில் என் தவற்றைச் சொல்லியிருந்தார், என் கடிதத்தைச் சொல்லியிருந்தார். தன் ஆய்வேட்டில் எந்த அத்தியாயம் இனி நிற்காது, எது நிற்கும் என்று தன் பெயரிலேயே வரிசையாக எழுதியிருந்தார். நான் பதினோரு வருடத்தில் செய்யாததை அவர் ஒரே வாரத்தில் செய்துவிட்டார். ஒரு வார்த்தை மாற்றச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மாற்றாமலே அச்சிட்டோம்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். “சார், வகுப்புக்கு வாங்க. பிள்ளைங்க உங்களைப் பாக்கணுமாம்.” குரல் முன்பு போல இல்லை. கூப்பிட்டதே பெரிது என்று போனேன்.

நாற்பது நிமிடத்துக்கு உரை தயாரித்திருந்தேன். தவறுகளை ஒப்புக்கொள்வதன் அவசியம் பற்றி, கொஞ்சம் மேற்கோள்களோடு. அது முடிவதற்குள் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், அந்த மொத லெட்டரை எழுதுதப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

பயமாக இருந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். கடைசி பெஞ்சில் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தபடி அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“சந்தோஷமா இருந்துச்சும்மா” என்றேன். “அந்த நாவலை எழுதி முடிச்சப்போகூட அவ்வளவு சந்தோஷம் இல்ல. நான் எவ்வளவு கெட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டே போய்த் தபால்ல போட்டேன்.”

வகுப்பு சிரித்தது. கேட்ட பெண் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள். விரிவுரையாளர் எழுந்து வந்தார்.

“சார், புதுசா எழுத வார பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதுதீங்கன்னு சொன்னீங்கல்லா? அதுல இதையும் போட்டிருங்க.”

போட்டுவிட்டேன்.